ஒரு கரையும் பல கண்களும்: நிலாவெளியிலிருந்து சில குறிப்புகள்

சில மாதங்களுக்கு முன்னர் நிலாவெளிக்குச் சென்றிருந்தேன். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே புல்மோட்டை வீதியில் உப்புவெளி, சாம்பல்தீவு ஆகியவற்றைத் தாண்டிச் சென்றால் பதினான்கு, பதினைந்து கிலோமீற்றரில் வந்துவிடும் ஊர். வாசக அன்பர்களில் பலர் அங்கே சென்றிருப்பீர்கள். செல்லாதவர்களும் அதன் படத்தைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வெண்மணல், ஆழமில்லாத நீலக்கடல், சற்றுத் தொலைவில் புறாத்தீவு. இலங்கையின் சுற்றுலாக் கையேடுகளில் இந்தப் படம் இல்லாத கையேடு அரிது.

அங்கே இளம் ஆசிரியர் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தது. தமிழ் படிப்பிப்பவர். கதையும் எழுதுகிறார். தாம் எழுதிய ஐந்தாறு சிறுகதைகளை என்னிடம் வாசிக்கத் தந்தார். நடை நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு கதை சென்னையிலும் இன்னொன்று மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலும் மற்றொன்று ஐரோப்பிய நகரம் ஒன்றிலும் நடந்தது. அந்த இடங்கள் எவற்றுக்கும் அவர் சென்றதில்லை. நிலாவெளியில் நடக்கும் கதை ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"எங்கட ஊரில எழுதுறதுக்கு என்ன ஐயா இருக்கு? கடல் இருக்கு, மணல் இருக்கு, ஹோட்டல் இருக்கு. நாளாந்தம் பாக்கிறதுதானே" என்றார்.

அவருக்கு அப்போது நான் சரியான பதில் எதையும் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்ற ஐயமும் எழுந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் பணியாற்றியவன் நான். நிலாவெளி என்ற பெயரை எத்தனையோ தடவை செய்தியில் எழுதியிருக்கிறேன். ஆனால் அது செய்தியின் தலையில் இடப்பெயராக வந்ததே தவிர, ஒரு ஊராக வந்ததில்லை. இத்தனை பேர் இடம்பெயர்வு, இத்தனை பேர் பலி, இத்தனை வீடுகள் சேதம். எண்கள் மாறும். ஊர் அப்படியே இருக்கும். அந்த ஆசிரியரின் கண்ணுக்கு அலுத்துப்போன ஊர் என் கண்ணுக்கும் அலுத்துத்தான் போயிருந்தது.

அன்றிரவு விடுதியில் உறக்கம் வராமல் யோசித்துக்கொண்டிருந்தபோது, இந்தக் கரையை வெவ்வேறு காலங்களில் யார் யார் எப்படிப் பார்த்தார்கள் என்று எண்ணத் தொடங்கினேன். அந்த எண்ணத்தின் விரிவே இக்கட்டுரை.

கல்லில் எழுதிய கணக்கு

முதலில் நிலாவெளியிலிருந்தே தொடங்குவோம். இவ்வூரின் பிள்ளையார் கோயில் வளவிலே பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. பத்தாம் நூற்றாண்டை ஒட்டியது என்று ஆய்வாளர்களால் கருதப்படுவது. திருக்கோணமலைக் கோயிலுக்கு நன்செய்யும் புன்செய்யுமாக 250 வேலி நிலம் வழங்கப்பட்ட செய்தியை அது கூறுகிறது. கோயிலின் அன்றாடச் செலவுக்கும் வழிபாட்டுக்கும் விடப்பட்ட நிலம்.

இன்று உல்லாசப் பயணிகள் கடற்கரையாக மட்டுமே காணும் இந்தப் பிரதேசத்தை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் விளைநிலமாகப் பார்த்திருக்கிறார். அவர் கண் கடலை நோக்கவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று வயலையும் மேட்டு நிலத்தையும் அளந்திருக்கிறது. கணக்கெழுதுபவரின் பார்வையும் ஒரு பார்வைதான். அந்த 250 வேலியையும் உழுதவர்கள் யார், அவர்கள் எந்தக் குளத்து நீரை நம்பியிருந்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால், ஒரு வரலாற்று நாவலுக்கான கேள்விகள் அந்தக் கல்லிலேயே கிடக்கின்றன.

கோணேசர் கோயிலைப் பாடியவர்களில் முதன்மையானவர் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தர். அவர் இங்கு வந்து பாடவில்லை, இராமேசுவரத்தில் இருந்தபடியே பாடினார் என்பது பெரியபுராணம் கூறும் மரபு. ஆயினும் அவருடைய பதிகத்தில் கடல் ஓயாமல் இரைந்துகொண்டேயிருக்கிறது. அது முத்துகளைக் கரையில் கொண்டுவந்து கொழிக்கிறது. காணாத ஊரை ஒருவர் காதால் கேட்டிருக்கிறார். கண்ட ஊரை நாம் காதால் கேட்கிறோமா என்பது வேறு கேள்வி.

பிளவும் தூணும்

கோணமலையின் செங்குத்தான பாறையில் ஒரு பெரும் பிளவு உண்டு. சுமார் 400 அடி உயரத்தில் கடலுக்கு மேலே நிற்கும் பாறை அது. நம் முன்னோர் அதற்கு இராவணன் வெட்டு என்று பெயரிட்டார்கள். தாயின் வழிபாட்டுக்காக மலையைப் பெயர்க்க முனைந்த இராவணன் வாளால் வெட்டிய இடம் என்பது கதை. சற்று உள்ளே கன்னியாவில் ஒன்றன் அருகே ஒன்றாக ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. ஏழிலும் வெப்பம் ஒரே அளவில் இல்லை. அதற்கும் இராவணன் கதையே விளக்கமாக வந்தது. தாயின் ஈமக்கடனுக்காக அவன் ஏழிடத்தில் நிலத்தைக் குத்த, வெந்நீர் ஊறியது என்பர்.

புவியியல் படித்தவர்கள் இதற்கு வேறு விளக்கம் தருவார்கள். அது சரியான விளக்கமும்கூட. ஆனால் நான் கவனிக்க விரும்புவது வேறொன்றை. நாளாந்தம் கண்ணில் படும் ஒரு பாறைப் பிளவைப் பார்த்து, 'இது ஏன் இப்படி இருக்கிறது' என்று யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார். கதை பிறந்தது அந்தக் கேள்வியில். கேள்வி கேட்க மறந்த நாளிலிருந்து அது வெறும் பிளவு.

கோணமலையில் இன்னொரு கதையும் உண்டு. போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டைக்கு ஆங்கிலேயர் 1803இல் பிரெட்றிக் கோட்டை எனப் பெயரிட்டனர். பழைய கோயிலின் தூண் ஒன்று மலையுச்சியில் நிற்கிறது. அதிலே 1687ஆம் ஆண்டைக் குறிக்கும் ஒல்லாந்த மொழி வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. பிரான்சினா வான் றீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணின் பெயர் அதில் உண்டு. தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலனைப் பார்த்தபடியே அவள் அந்த உச்சியிலிருந்து கடலில் குதித்தாள் என்றொரு கதை ஆங்கிலேயர் காலத்தில் பரவியது. காதலர் பாய்ச்சல் என்று அந்த இடத்துக்குப் பெயரும் வந்தது.

பின்னர் ஒல்லாந்த ஆவணங்களைத் துருவியவர்கள், அப்பெண் அதற்குப் பின்னரும் உயிரோடு இருந்தாள் என்றும் மணமுடித்தாள் என்றும் எழுதினார்கள். ஆக, கதை பொய். ஆனால் எனக்கு உறுத்துவது அதுவல்ல. கதை புனைந்தவர்கள் அனைவரும் தூணில் இருந்த எழுத்தை மட்டுமே பார்த்தார்கள். தூணைப் பார்க்கவில்லை. இடிக்கப்பட்ட ஒரு கோயிலின் தூண் அது. அது எந்த மண்டபத்தைத் தாங்கியிருந்தது, அதைச் செதுக்கியவன் யார், அது விழுந்த நாளில் ஊரவர் எங்கே ஓடினார்கள்? ஒரே கல்லில் இரண்டு கதைகள் இருந்தன. ஒன்று உலகம் முழுதும் சென்றது. மற்றதை நாம் சொல்லவில்லை.

சிறைப்பட்டவனின் கண்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக் குடா. அதன் கரையில் மூதூர். 1659ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரம் முறிந்து, பழுது பார்ப்பதற்காக இக்குடாவுக்கு வந்தது. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவரது மகன் ரொபேட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துச் சென்றார்கள். தந்தை சிறைவாசத்தின் தொடக்கத்திலேயே காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து, 1679இல் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். தாயகம் திரும்பும் கப்பலிலேயே நூலை எழுதத் தொடங்கினார். அது 1681இல் இலண்டனில் வெளியாயிற்று.

நொக்ஸ் எழுதியவற்றில் பெரும்பகுதி எவை தெரியுமா? நெல் விதைக்கும் முறை, அரிவு வெட்டும் முறை, வீடு வேயும் முறை, தாளிப்பனை ஓலையை மழைக்குக் குடையாகவும் வழிப்பயணத்தில் கூடாரமாகவும் பயன்படுத்தும் விதம். கண்டிக் கிராமத்தவர் எவரும் இவற்றை எழுதத்தக்க பொருளாக நினைத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது மூச்சு விடுவதைப்போல. நொக்ஸுக்கோ ஒவ்வொன்றும் புதிது. அத்துடன், அவற்றைக் கற்றுக்கொள்ளாவிட்டால் உயிர் வாழ முடியாது என்ற நிலையும் இருந்தது. ஆகவே அவர் கவனித்தார்.

டானியல் டீபோ 1719இல் எழுதிய ரொபின்சன் குருசோ நாவலுக்கு நொக்ஸின் நூலும் ஒரு தூண்டுகோல் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அடுத்த ஆண்டு வெளியான கப்டன் சிங்கிள்ரன் என்ற நாவலில் டீபோ நொக்ஸின் கதையை வெளிப்படையாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறார். நொக்ஸ் பிடிபட்ட இடம் என்று சொல்லப்பட்ட மூதூர்ப் புளியமரத்தை வெள்ளைக்காரன் மரம் என்று அழைத்தார்கள். உலகம் அறிந்த ஒரு நாவலின் வேர்களில் ஒன்று இந்தக் குடாவின் கரையில் ஓடியிருக்கிறது.

கழுத்திலிருந்த சிலுவை

திருகோணமலை நகரில் ஆங்கிலேயர் காலத்து மயானம் ஒன்று உண்டு. அங்கே துணைத் தளபதி சார்ள்ஸ் ஓஸ்ரின் என்பவரின் கல்லறை இருக்கிறது. கீழைத்தேயக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர். 1852இல் பர்மியப் போரின்போது ஐராவதி ஆற்றில் நோயுற்று இறந்தார். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஓஸ்ரினின் இளைய சகோதரர் இவர்.

ஜேன் ஓஸ்ரின் 1817இலேயே இறந்துவிட்டார். திருகோணமலையை அவர் பார்த்ததில்லை. கடற்போரைப் பார்த்ததில்லை. அவர் பார்த்தது தம் வீட்டை, அயலை, விருந்துகளை, தம்பிமார் அண்ணன்மார் எழுதிய கடிதங்களை. 1801இல் சார்ள்ஸ், கடற்படையில் தமக்குக் கிடைத்த பரிசுப் பணத்தில் இரண்டு சகோதரிகளுக்கும் புட்பராகக் கல்லில் சிலுவைகளும் தங்கச் சங்கிலிகளும் வாங்கிக் கொடுத்தார். 1814இல் வெளியான மான்ஸ்பீல்ட் பார்க் நாவலில், மாலுமியான அண்ணன் ஏழைத் தங்கைக்கு ஓர் அம்பர்ச் சிலுவை வாங்கி வருகிறான். சங்கிலி வாங்க அவனிடம் பணம் இல்லை. அந்தச் சிலுவையை எந்தச் சங்கிலியில் கோப்பது என்ற சின்னஞ்சிறு சிக்கலில், அந்தப் பெண்ணின் மனம் முழுவதையும் ஜேன் ஓஸ்ரின் காட்டிவிடுகிறார்.

தம் கழுத்தில் கிடந்த நகையை அவர் இன்னொரு பெண்ணின் கழுத்தில், இன்னொரு நிலையில் வைத்துப் பார்த்தார். உண்மையில் சங்கிலி இருந்தது. கதையில் சங்கிலியை எடுத்துவிட்டார். அவ்வளவுதான் மாற்றம். தூர தேசம் சென்றவர் தம்பி. இலக்கியம் படைத்தவர் வீட்டிலிருந்த அக்காள்.

நீருக்கு அடியில்

நிலாவெளிக் கடலையும் கோணமலைக் கடலையும் அதுவரை எவரும் பாராத கோணத்தில் பார்த்தவர்கள் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும். 1956இல் இலங்கைக்கு வந்த கிளார்க், 2008 மார்ச்சில் கொழும்பில் இறக்கும்வரை இந்நாட்டிலேயே வாழ்ந்தார். அவரை இங்கே இழுத்தது கடலின் அடிப்பகுதி. கோணமலைப் பாறைக்குக் கீழே சுழியோடியபோது, இடிக்கப்பட்ட கோயிலின் செதுக்கிய தூண்களும் கற்களும் கடலடியில் கிடப்பதை அவர்கள் கண்டார்கள். 1957இல் வெளியான தப்ரபேனின் பவளப்பாறைகள் பற்றிய நூலில் கிளார்க் இதனை விவரித்திருக்கிறார். கடலுக்குள்ளிருந்து வில்சன் மீட்ட சுயம்பு இலிங்கம் கோயிலுக்குச் சேர்ந்தது. 1950இல் கோட்டைக்கு அண்மையில் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருந்தன. 1963 மார்ச்சில் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடைபெற்றது.

நூற்றாண்டுக் கணக்காக நாம் மலையின் மேலே நின்று கீழே பார்த்துக் கைகூப்பினோம். அவர்கள் கீழே நின்று மேலே பார்த்தார்கள். இதே கடலடியில் வில்சன் ரன்முத்து தூவ என்ற திரைப்படத்தையும் எடுத்தார். 1962இல் வெளியான அதுவே சிங்களத்தின் முதலாவது வண்ணத் திரைப்படம். பிற்காலத்தில் வில்சன் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் வாழ்ந்து 1995இல் மறைந்தார். பார்வை மாறினால் எழுத்து மட்டுமன்றி வாழ்வும் மாறிவிடும் போலும்.

கிளார்க்குக்கு நீருக்கடியில் இருப்பது விண்வெளியில் இருப்பதை நிகர்த்தது. உடல் எடையிழந்து மிதக்கும் அந்த அனுபவம் அவருடைய அறிவியற் கதைகளுக்கு உரமிட்டது. 1979இல் வந்த சொர்க்கத்தின் நீரூற்றுகள் என்ற நாவலில் அவர் இலங்கைத் தீவையே எண்ணூறு கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, பூமத்திய ரேகையில் வைத்து, தப்ரபேன் என்ற பழைய பெயரையும் சூட்டினார். சிகிரியாவும் சிவனொளிபாத மலையும் அதில் வருகின்றன. நமக்கெல்லாம் பாடப்புத்தகப் படமாகிப்போன மலைகள் அவை. அவருக்கு அங்கிருந்து விண்ணுக்கு ஒரு ஏணி தெரிந்தது.

நம்மவர் இருவர்

இதுவரை சொன்னவர்களில் பலர் வெளியிலிருந்து வந்தவர்கள். அந்நியனுக்கு எல்லாம் புதிதாகத் தெரிவதில் வியப்பில்லை. பிறந்த ஊரைப் புதிதாகப் பார்ப்பதே கடினம். அதைச் செய்த இருவர் இந்த மாவட்டத்திலேயே பிறந்தார்கள்.

ஒருவர் மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம். 1925இல் பிறந்து 2001இல் மறைந்தவர். ஆசிரியர். ஈழத்துச் சிறுகதையைப் பற்றிப் பேசுபவர் எவரும் அவருடைய 'தோணி' கதையை விட்டுவிட்டுப் பேச முடியாது. தனக்கென்று ஒரு தோணி வேண்டும் என்று ஏங்கும் மீனவச் சிறுவனின் கதை அது. கொட்டியாரக் குடாவின் கரையில் வாழ்பவருக்குத் தோணி ஒரு செய்தியா? மாட்டுவண்டியைப் போல, கிணற்றுக் கயிற்றைப் போல அது கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பது. இராசரத்தினம் அந்தத் தோணியைத் தோணி இல்லாதவனின் கண்ணால் பார்த்தார். உடனே கரையில் கிடந்த மரம் ஒரு வாழ்க்கையின் அளவுகோலாகிவிட்டது. அதே பெயரில் 1962இல் வந்த தொகுப்பு சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது.

மற்றவர் தருமு சிவராமு. பிரமிள் என்று தமிழ்நாடு அறிந்த கவிஞர். 1939இல் திருகோணமலையில் பிறந்தவர். சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழில் இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே கவிதையும் விமரிசனமும் எழுதி எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். பின்னர் தமிழகம் சென்று, அங்கேயே 1997 சனவரியில் காலமானார். ஓவியரும்கூட. பறவையின் சிறகிலிருந்து உதிர்ந்த இறகு, மின்னல், விடிகாலை என்று எல்லோரும் அறிந்த பொருள்களையே அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் கவிதையை வாசித்தபின் இறகைப் பழையபடி பார்க்க முடியாது. அவருடைய ஒரு தொகுப்பின் பெயர் 'கைப்பிடியளவு கடல்'. கடலை எப்படி அளப்பது என்று திகைக்கும் எவருக்கும் அந்தத் தலைப்பே ஒரு பாடம். முழுக் கடலும் வேண்டாம். கைப்பிடியளவு போதும்.

இருவரும் இரண்டு வழிகளைக் காட்டுகிறார்கள். இராசரத்தினம் பொருளை அப்படியே வைத்துவிட்டு, பார்ப்பவனை மாற்றினார். பிரமிள் பார்க்கும் பொருளையே வேறொன்றாக்கிக் காட்டினார்.

பழைய பாடம்

பழகிப்போன பொருளைப் புதிதாய் உணர வைப்பதே கலையின் வேலை என்று ருசிய விமரிசகர் விக்ரர் சிக்ளோவ்ஸ்கி 1917இல் எழுதினார். பழக்கம் நம் உணர்வைத் தின்றுவிடுகிறது, கலை அதை மீட்டுத் தருகிறது என்பது அவர் கொள்கை. ரோல்ஸ்ரோய் ஒரு கதையை ஒரு குதிரையின் வாயால் சொல்ல வைத்ததை அவர் உதாரணமாகக் காட்டினார். சொத்து என்றால் என்ன என்று அந்தக் குதிரைக்கு விளங்கவில்லை. அது விளங்காமல் திகைக்கும்போது, வாசகனுக்கு விளங்கிவிடுகிறது. பரிச்சய நீக்கம் என்று தமிழில் இதனைச் சொல்கிறார்கள்.

சிக்ளோவ்ஸ்கியைப் படித்தபோது எனக்கு ஐங்குறுநூறு நினைவுக்கு வந்தது. அதில் நெய்தல் பற்றிய நூறு பாடல்களைப் பாடியவர் அம்மூவனார். அவருக்கு இருந்த பொருள்கள் எத்தனை? கடல், மணல், புன்னை, நண்டு, குருகு, காக்கை. நிலாவெளி ஆசிரியர் சொன்ன பட்டியலைவிட அதிகம் நீளமில்லை. ஆயினும் நூறு பாடல்கள். வெள்ளாங்குருகைப் பற்றியே ஒரு பத்து. சிறுவெண்காக்கைக்கு ஒரு பத்து. எப்படி முடிந்தது? அப்பகுதியின் முதல் நான்கு பத்துகளின் பெயர்களைப் பாருங்கள். தாய்க்கு உரைத்தது, தோழிக்கு உரைத்தது, கிழவற்கு உரைத்தது, பாணற்கு உரைத்தது. கடற்கரை ஒன்றுதான். பேசப்படும் ஆள் மாற மாற, கரையும் மாறுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு அண்மித்த பழமையுடைய இந்த உத்தி நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, எழுத ஒன்றுமில்லை என்று நாம் சொல்வது சற்று வெட்கத்துக்குரியதே.

உப்பாய்ப் போன கிணறு

இனி, நான் சொல்லத் தயங்கிய விடயத்துக்கு வருகிறேன்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, நான் கொழும்பில் செய்தி மேசையில் இருந்தேன். தொலைபேசியில் வந்த எண்களை எழுதிக்கொண்டே இருந்தோம். மூன்று வாரங்களின் பின்னர் திருகோணமலைக்குச் சென்றேன். நிலாவெளிப் பக்கமாக ஓர் இடத்தில், இடிந்த வீட்டின் முன்னால் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். என்ன இழப்பு என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"தம்பி, கிணத்துத் தண்ணி உப்பாப் போச்சு" என்றார்.

நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. வீடு, உடைமை, உறவினர் என்று அடுத்தடுத்துக் கேட்டேன். உறவில் இருவரை இழந்திருந்தார். அதைக் குறித்துக்கொண்டேன். எழும்பும்போது மறுபடியும் கிணற்றைப் பற்றியே சொன்னார். எத்தனை முறை இறைத்தாலும் உப்பு மாறவில்லை என்றார். கிழக்குக் கரையெங்கும் அன்று கிணறுகள் உவர்ப்பாயின என்பது பிறகு பலரும் எழுதிய செய்தி. ஆனால் அன்றைய என் செய்தியில் கிணறு இல்லை. இரண்டு பேர் பலி என்பது மட்டும் இருந்தது. இடம் போதாமையால் யாரும் வெட்டவில்லை. நானே எழுதவில்லை. அது செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது யோசிக்கிறேன். அந்தக் கிணற்றில் அவர் எத்தனை ஆண்டுகள் நீர் அள்ளியிருப்பார்? 1980களிலும் 1990களிலும் ஊரை விட்டு ஓடித் திரும்பி வந்தபோதெல்லாம் முதலில் எதை எட்டிப் பார்த்திருப்பார்? இறந்த இருவரும் அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்கள் அல்லவா? அவர் எனக்குச் சொன்னது அவருடைய துக்கம் முழுவதையும். நான் கேட்டது எண்ணை.

ஒரு பயிற்சி

மறுநாள் காலை அந்த ஆசிரியரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். கிணற்றையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு பெரிய தபாலுறை வந்தது. தம் வகுப்பு மாணவர்களிடம், 'நம் கரையை நீங்கள் அல்லாத ஒருவரின் கண்ணால் பாருங்கள்' என்று சொல்லி எழுத வைத்திருக்கிறார். அவற்றில் சிலவற்றைப் பிரதியெடுத்து அனுப்பியிருந்தார்.

ஒரு பையன் கரைவலை இழுக்கும் தன் தந்தையின் குதிகாலைப் பற்றி எழுதியிருந்தான். கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கி நடக்கும்போது மணலில் எவ்வளவு ஆழத்துக்குப் புதைகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறான். இன்னொருவன் புறாத்தீவின் மாடப்புறாவாகி, கரைக்கு வரும் மனிதர்களை எண்ணுகிறான். பிரித்தானியர் அத்தீவில் துப்பாக்கிச் சுட்டுப் பழகினார்கள் என்று பாட்டன் சொல்லக் கேட்டிருக்கிறான்போலும். அந்தப் புறா இன்னும் பயந்துகொண்டே இருக்கிறது. ஒரு மாணவி, ஹோட்டலில் படுக்கை விரிக்கும் தன் தாய் சன்னல் வழியே பார்க்கும் கடலை எழுதியிருந்தாள். அந்தச் சன்னலிலிருந்து பார்த்தால் அவர்களுடைய வீட்டுக் கூரையும் தெரியுமாம். விருந்தினர் எடுக்கும் படத்தில் மட்டும் அது வராதாம்.

கடைசித் தாளில் ஒரு கிணறு இருந்தது. அந்த மாணவி ஆழிப்பேரலைக்குப் பின் பிறந்தவள். அவளுடைய அம்மம்மா இன்றும் கிணற்று நீரை வாயில் விட்டுப் பார்த்துவிட்டே தேநீருக்கு எடுப்பாராம். நீர் நன்றாகத்தான் இருக்கிறது, பல வருடமாக நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் அம்மம்மா நாளாந்தம் சுவை பார்க்கிறார், ஏன் என்று நான் கேட்டதில்லை, இந்தக் கட்டுரைக்காகத்தான் கேட்டேன் என்று எழுதியிருந்தாள். அம்மம்மா சொன்ன பதில் ஒன்றரைப் பக்கம். அதை இங்கே எடுத்தெழுத எனக்கு உரிமையில்லை. அது அந்தப் பிள்ளையின் எழுத்து. அவள் பெயரில் அச்சில் வரவேண்டும்.

நான் சந்தித்த அதே மூதாட்டியா அவர்? இருக்காது என்றே நினைக்கிறேன். அன்று கரை நெடுகிலும் கிணறுகள் உப்பாயின. ஒவ்வொரு கிணற்றருகிலும் ஒருவர் அமர்ந்திருந்திருப்பார்.

உலகெங்கும் பரந்திருக்கும் வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும், நீங்கள் இப்போது வாழும் நகரிலும், நாளாந்தம் கடந்து செல்லும் ஒரு பொருள் இருக்கும். ஒரு மரம், ஒரு மதகு, ஒரு பேருந்துத் தரிப்பிடம். அதைப் பற்றி உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் இதுவரை கேட்டிராத ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதிலை உடனே எழுதி வையுங்கள். நான் இருபது ஆண்டுகள் தாமதித்துவிட்டேன். நீங்கள் தாமதிக்க வேண்டாம்.

அந்த ஆசிரியர் இப்போது ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறாராம். நிலாவெளியில் நடக்கிறதாம். 250 வேலி நிலத்தில் ஒரு வேலியை உழுதவனைப் பற்றி.